ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்றால் நல்லதா?

ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மூன்று வாரமாக விடாத இருமலோடு எங்கள் லேபுக்கு வந்தார். அவருடைய சளியை ஸ்லைடில் தடவிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். நீலப் பின்னணியில் செக்கச்செவேலென்று மெல்லிய குச்சிகள். காசநோய்க் கிருமி. 'பாசிட்டிவ்' என்று அடித்து, அரசுக்கும் தகவல் கொடுத்தோம். ரிப்போர்ட்டை வாங்கிப்போன பேரனோ, "பாசிட்டிவ்னு வந்திருக்கு தாத்தா, நல்லதுதான்" என்று சொல்லிவிட்டான். சுகாதாரப் பணியாளர் வீடு தேடிப் போகும்வரை ஐந்து நாள், மருந்தில்லாமல், சின்னப் பிள்ளைகளோடு ஒரே அறையில் படுத்திருக்கிறார்.

பையன்மேல் தப்பில்லை. 'பாசிட்டிவாக யோசி' என்றுதான் அவனுக்கு இந்தச் சொல் தெரியும். நாங்களாவது வாய்திறந்து சொல்லியிருக்க வேண்டும்.

இந்தச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'பொனேரே' என்றால் வைத்தல். வைக்கப்பட்டது, நிலைநாட்டப்பட்டது என்ற பொருளில் சட்டம் பேசியவர்களிடம் புழங்கி, அப்புறம் 'உறுதியானது' என்றாகி, நம்பிக்கையான மனநிலை என்ற பொருள் வெகு பிற்பாடுதான் வந்து ஒட்டிக்கொண்டது. பொசிஷன், டெபாசிட் எல்லாம் இதன் பங்காளிகள். நெகட்டிவ் என்பதோ மறுத்தல் என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. லேபில் இரண்டுக்கும் நம் தமிழே போதும்: உண்டு, இல்லை. தேடியது உண்டா, இல்லையா, அவ்வளவுதான். தேடியது கிருமி என்றால் 'உண்டு' கெட்ட செய்தி.

ரத்த வகையில் குழப்பம் வேறு மாதிரி. "எனக்கு நெகட்டிவ் ரத்தமாம், கெட்ட ரத்தமா மேடம்?" என்று முதல் பிரசவத்துக்கு வந்த குடியாத்தத்துப் பெண் கண்கலங்கினாள். கூட வந்த மாமியார் முகமும் சரியில்லை. கெட்டதெல்லாம் இல்லை. சிவப்பணுமேல் ஆர்எச்-டி என்ற புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். ஆனால் ஒரு கவனம் வேண்டும். தாய் நெகட்டிவாக இருந்து குழந்தை பாசிட்டிவாக இருந்தால், அந்த ரத்தம் தாயின் ரத்தத்தில் கலக்கும்போது எதிர்ப்புப் பொருள் உருவாகலாம். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்ததும் பாசிட்டிவாக இருந்தால், அதன் சிவப்பணுக்களை அந்த எதிர்ப்புப் பொருள் அழிக்கலாம். அதைத் தடுக்கத்தான் ஆன்டி-டி ஊசி: வழக்கமாக 28ஆவது வாரத்தையொட்டி ஒன்று, குழந்தை பாசிட்டிவ் என்றால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கரு கலைந்தாலும் டாக்டரிடம் இதைக் கேட்க வேண்டும். அந்த எதிர்ப்புப் பொருள் உருவாகிவிட்டதா என்று பார்க்கும் பரிசோதனையில் 'நெகட்டிவ்' வந்தால் அதுதான் நிம்மதி.

'இல்லை' என்று வந்ததுமே நோயில்லை என்று இருந்துவிடவும் முடியாது. டெங்குவுக்கான என்எஸ்1 என்ற ரத்தப் பரிசோதனை முதல் சில நாள்தான் நன்றாகக் காட்டும். காய்ச்சல் ஒரு வாரம் ஆனபின் எடுத்தால் நெகட்டிவாக வரலாம்.

பெரியவர் ஆறு மாதம் அரசு இலவச மருந்தை விடாமல் சாப்பிட்டுத் தேறிவிட்டார். வீட்டுப் பிள்ளைகளையும் பரிசோதித்தார்கள். இப்போதெல்லாம் பாசிட்டிவ் என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன்: 'கிருமி இருக்கிறது. இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.'