கொப்பெஷ்: வளைந்திருப்பதெல்லாம் அரிவாள் அல்ல

பண்டைய எகிப்தின் வளைந்த வெண்கல வாளுக்குக் கொப்பெஷ் என்று பெயர். தமிழில் இதைக் கோபேஷ், கோபெஷ், கெபெஷ் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். பொருள் சொல்லும் இடத்தில் மட்டும் எல்லோரும் ஒன்றுபோல ‘அரிவாள்’ என்று போட்டுவிடுகிறோம். எழுத்துக்கூட்டல் முன்னே பின்னே இருந்தால் பெரிய நட்டமில்லை. பொருள் தவறினால் கருவியே மாறிவிடும். அரிவாளுக்கு வெட்டும் வாய் உள்வளைவில். கொப்பெஷுக்கு வாய் வெளிவளைவில்.

முதலில் ஒலி. எகிப்தியர் தம் எழுத்தில் உயிரொலிகளைக் குறிக்கவில்லை. இந்தச் சொல்லில் இருப்பவை மூன்று மெய்கள் மட்டுமே: அரபியர் ‘கலீஃபா’ என்னும்போது தொண்டையில் உரசி வருகிற ‘க’, பிறகு ப், பிறகு ஷ். இடையிலுள்ள எகரம் வாசிப்பதற்காக ஆய்வாளர்கள் செருகிக்கொண்டது. எகிப்திய மொழியின் கடைசிப் படியான காப்டிக், கிரேக்க எழுத்துகளைக் கடன் வாங்கியதால் உயிர்களையும் எழுதியது. அதில் இச்சொல் ‘ஷோப்ஷ்’ என்று வருகிறது. பொருள் கை, முன்னங்கால். முதல் மெய் ஷகரமாகத் திரிந்துவிட்டது, ஆனால் ஓகாரம் தெரிகிறது. ‘கொ’ என்று தொடங்க அது ஒரு பிடி. அடுத்து, ‘கோபெஷ்’ என்று எழுதினால் நம் வாய் அதைக் ‘கோபம்’ போலத்தான் வாசிக்கும், ஏனென்றால் இரண்டு உயிருக்கு நடுவே வரும் ஒற்றைப் பகரம் தமிழில் மெலிந்துவிடும். வல்லோசை வேண்டுமென்றால் பகரம் இரட்டிக்க வேண்டும். ஆகவே கொப்பெஷ். கிரந்தம் வேண்டாதவர்களுக்குக் கொப்பெசு.

இனி எழுத்து. கல்லில் வெட்டியிருப்பதைப் பார்த்தால், உள்ளே கோடு போட்ட ஒரு வட்டம், ஒரு சிறு சதுரம், குளத்தைக் குறிக்கும் ஒரு நீள்செவ்வகம். இவை மூன்றும் மெய்கள். இறுதியில் ஒலி இல்லாத ஒரு படம் நிற்கும், பொருளைத் தீர்மானிப்பது அதுதான். மாட்டின் முன்னங்கால் படம் இருந்தால் படையல் இறைச்சி. கோல் பிடித்த முன்கை இருந்தால் வலிமை. வளைந்த வாள் இருந்தால் ஆயுதம். மூன்று மெய்யும் மாறாமல், கடைசிப் படம் மட்டும் மாறி மூன்று சொல்லாகிறது.

மூத்த பொருள் முன்னங்கால்தான். தொடையோடு சேர்த்து அறுத்தெடுத்த காளையின் முன்னங்கால் எகிப்தியப் படையல் மேசையின் தலையாய உருப்படி. பதப்படுத்திய உடலுக்குப் பேச்சும் மூச்சும் திரும்ப வேண்டிச் செய்யும் ‘வாய் திறக்கும்’ சடங்கிலும் அதை நீட்டுவார்கள். வடவானத்தில் நாம் எழுமீன் என்றும் சப்தரிஷி மண்டலம் என்றும் சொல்லும் விண்மீன் கூட்டம் அவர்கள் கண்ணுக்கு ஒரு காளையின் முன்னங்கால். அந்தப் பொருளிலிருந்து தோள்வலிமை என்னும் பொருள் கிளைத்தது. ‘கொப்பெஷின் தலைவன்’ என்று அரசனைப் புகழ்ந்தால் தோள்வலி மிக்கவன் என்று கொள்ள வேண்டும், வாள்காரன் என்றல்ல. கல்வெட்டுகளை மொழிபெயர்ப்பவர்கள் சறுக்குகிற இடம் இது.

ஆயுதத்துக்கு இந்தப் பெயர் வந்தது வடிவத்தால் என்பதே என் கணிப்பு. முன்னங்காலைக் குளம்புப் பக்கம் பிடித்துத் தூக்கிப் பாருங்கள்: கீழே ஒல்லியான நேர் எலும்பு, மேலே புடைத்து வளைந்த தொடை. கொப்பெஷும் அச்சாக அப்படித்தான் இருக்கும். ‘வலிமை’ என்னும் பொருள் கூடவே ஒட்டிக்கொண்டது அரசர்களுக்கு வசதியாகப் போயிற்று.

கிரேக்கரின் ‘கோப்பிஸ்’ என்னும் வளைந்த வாளை இச்சொல்லின் வழிவந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தப் பெயர் ‘வெட்டு’ என்னும் பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்து நேராகவே கிடைக்கும்போது எகிப்து வரை போகத் தேவையில்லை. இரண்டு சொற்களின் ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு பேசுவது நமக்கும் பழகிய வியாதிதான்.

சொல் எகிப்தியம், கருவியோ வெளியிலிருந்து வந்தது. வளைவாள் முதலில் மேற்காசியாவில் தோன்றியது. லெபனானின் பைப்ளோஸ் நகரத்து அரசர் கல்லறைகளில் ஏறக்குறைய கி.மு. 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வளைவாள்கள் கிடைத்திருக்கின்றன. அசீரிய அரசன் அதாத்-நிராரியின் பெயர் பொறித்த ஒன்று, சுமார் 54 சென்டிமீட்டர் நீளம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எகிப்தில் இது பரவலானது புதிய அரசுக் காலத்தில், அதாவது கி.மு. 1550-க்குப் பிறகு. நைல் டெல்டாவை ஆண்ட, மேற்காசிய வழிவந்த ஹிக்சோஸ் அரசர்களை விரட்டிய கையோடு குதிரைத் தேர், மரமும் கொம்பும் நரம்பும் சேர்த்து ஒட்டிய ஒட்டுவில், செதில் கவசம் எல்லாம் எகிப்தியப் படைக்குள் நிலைபெற்ற காலம் அது. புதிய கருவிக்கு அயற்பெயரைக் கடன் வாங்காமல் வீட்டிலிருந்த சொல்லையே தூக்கி வைத்துவிட்டார்கள்.

கருவியைக் கையில் எடுத்துப் பார்ப்போம். அடியில் பிடி, அதன் இரு பக்கமும் மர வில்லை பதிக்கப் பள்ளம் விட்டிருக்கும். அதற்கு மேல் கூரில்லாத, தடித்த நேர்த்தண்டு. அதற்கும் மேல் வளைந்த அலகு. வெளிவளைவுதான் வாய்; உள்வளைவு மொண்ணை. நுனி குத்துவதற்கு ஏற்றதல்ல. துட்டன்காமன் கல்லறையில் இரண்டு கிடைத்தன, ஒன்று சுமார் 60 சென்டிமீட்டர், மற்றது சுமார் 40. அவன் அரியணை ஏறியபோது வயது ஒன்பதை ஒட்டி. சின்னது பிள்ளைக் கைக்குச் சரியாக இருக்கும்.

பிடியும் அலகும் ஒரே வார்ப்பு. செம்போடு பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் நல்ல வெண்கலம். வெள்ளீயம் குறைந்தால் வாய் மழுங்கிச் சுருளும். கூடினால் அடிக்கும்போதே வெடிக்கும். வார்த்தெடுத்ததும் வாய்ப்பகுதியைக் குளிர்ந்த நிலையில் சம்மட்டியால் தட்டுவார்கள், தட்டத் தட்ட வெண்கலம் இறுகும். விடாமல் தட்டினால் மயிரிழை விரிசல் விழும். ஆகவே நடுவில் ஒருமுறை சூடேற்றி இளக்கிக்கொண்டு மறுபடி தட்ட வேண்டும். இரும்பைப் போலக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் வெண்கலம் இறுகாது, மாறாக இளகும். தீப்ஸ் நகரத்தில், அரசன் மூன்றாம் துட்மோஸின் அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறைச் சுவரில் வெண்கல வார்ப்பு வேலை அப்படியே தீட்டப்பட்டிருக்கிறது: தோல் துருத்தியின் மேல் ஏறி நின்று, மாறி மாறிக் காலால் மிதித்து, கயிற்றால் மேலே இழுத்து உலையை ஊதுகிறார்கள், இருவர் இரண்டு குச்சிகளால் உலோகம் உருக்கும் மூசையை இடுக்கித் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அங்கே வார்க்கப்படுவது கோயில் கதவு, ஆனால் உலை வேலை ஒன்றுதான்.

ஏன் இவ்வளவு குட்டை, ஏன் வளைவு? வெண்கலத்தை மெல்லிதாக நீட்டினால் ஓங்கி வெட்டும்போது பக்கவாட்டில் மடங்கிவிடும். அதனால் தண்டைத் தடிப்பாக விட்டு, எடையை முன்பக்கம் தள்ளினார்கள். கோடரியின் வேகமும் வாளின் நீண்ட வாயும் ஒரே கருவியில் சேர்ந்தன. முழங்கையை மடக்கி ஓங்கிப் போட்டால் வளைவு தானே இழுத்து அறுக்கும். கவசமில்லாத எதிரிக்கு இது போதும். செதில் கவசத்தில் பட்டால் வாய்தான் கெடும். உள்வளைவால் எதிரியின் கேடயத்தைக் கொக்கிபோல் இழுத்தார்கள் என்று பலரும் சொல்கிறார்கள். செய்ய முடியாதது ஒன்றுமில்லை, ஆனால் வளைவின் முதல் வேலை அதுவல்ல.

எல்லா வீரருக்கும் இதுவே முதல் ஆயுதம் என்று நினைத்துவிடக் கூடாது. காலாட்படையின் அன்றாடக் கருவிகள் ஈட்டியும் கோடரியும் மாட்டுத்தோல் கேடயமும், வில் தனி. மெதினெத் ஹாபு கோயிலில், கடல்வழி வந்து தாக்கிய ‘கடல்மக்கள்’ மீதான போருக்கு மூன்றாம் ராம்செஸ் படைக்கலம் வழங்கும் காட்சியில் ஈட்டி, வில், தலைக்கவசத்தோடு கொப்பெஷும் இருக்கிறது. அதே கோயிலின் முகப்புக் கோபுரத்தில் அமூன் கடவுள் அரசனிடம் கொப்பெஷை நீட்டுகிறார். வெற்றிக்கு உத்தரவு என்று பொருள். எகிப்தின் ஆதி அரசன் நார்மர் காலத்தில், அதாவது கி.மு. 3100-ஐ ஒட்டி, பகைவனின் முடியைப் பிடித்து அரசன் ஓங்கியது தண்டாயுதம். புதிய அரசுக் காலத்தில் அந்த ஓங்கிய கைக்குக் கொப்பெஷும் வந்து சேர்ந்தது. கண்டெடுத்தவற்றுள் வாய் தீட்டப்படாதவையும் உண்டு. அவை சடங்குக்கும் அந்தஸ்துக்கும் உரியவை. போர்க்களத்தில் இதன் இடத்தை நேர்வாள்கள் பிடித்துக்கொண்டன. இரண்டாம் ராம்செஸின் மெய்க்காவலர்களான ஷர்தானாக்கள் கையில் இருப்பதே நீண்ட நேர்வாள்தான். 2024-இல் மேற்கு டெல்டாவின் தெல் அல்-அப்கைன் கோட்டையில் அந்த அரசன் பெயரோடு கிடைத்த வெண்கல வாளும் நேர்வாளே. வாள் என்றதும் கொப்பெஷ் என்று எழுதினால் அதுவும் பிழை.

தமிழில் என்ன சொல்வது? ஐரோப்பியர் இதற்கு ‘அரிவாள்-வாள்’ என்னும் பொருளில் பெயர் வைத்தார்கள், நாம் அதைப் பாதி ஒடித்து அரிவாள் ஆக்கினோம். அரிதல் என்றால் தாளைப் பிடித்து உள்ளே இழுத்து அறுப்பது. கதிர் அரிவாளுக்கு உட்பக்கம் பல் இருப்பது அதற்காக. வீச்சரிவாள் வேலையால் சற்று நெருங்கி வருகிறது, ஆனால் அதற்கும் கூர் உட்புறம்தான். கொடுவாள் என்னும் சொல் நம்மிடம் இருக்கிறது: கொடு என்றால் வளைந்த. வளைவைச் சொல்லும், வாள் என்றும் சொல்லும். குறை ஒன்று, சில ஊர்களில் விறகு வெட்டும் கத்திக்கும் அதே பெயர், அதன் வாயும் உட்பக்கம். வாய் எந்தப் பக்கம் என்பதை முன்னே ஒட்டிவிட்டால் குழப்பம் தீரும்: புறவாய்க் கொடுவாள்.

கட்டுரையிலோ அருங்காட்சியகக் குறிப்பிலோ முதல்முறை ‘கொப்பெஷ் என்னும் புறவாய்க் கொடுவாள்’ என்று எழுதலாம். அடுத்து வரும் இடங்களில் கொடுவாள் போதும். படையல் மேசையில் அதே சொல் வந்தால் ‘முன்னந்தொடை’ என்று எழுதுங்கள், அரசன் பட்டப்பெயரில் வந்தால் ‘தோள்வலி’.