மொட்டை மாடியில் சோலார்: பேனலைப் பார்க்கும் முன் கரண்ட் பில்லைப் பாருங்கள்

வீட்டுக்குச் சோலார் போடலாமா என்று கேட்பவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது மாடியின் அளவை அல்ல, கடைசி ஆறு கரண்ட் பில்களை. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் ஆறு பில் என்றால் ஒரு முழு ஆண்டு, கோடையில் ஏ.சி. ஓடியதும் மார்கழியில் ஓடாததும் அதிலேயே தெரிந்துவிடும். சோலார் லாபமா நஷ்டமா என்பது பெரும்பாலும் இந்த ஆறு தாள்களில்தான் இருக்கிறது.

காரணம், நம் ஊர்க் கட்டணம் படிக்கட்டு மாதிரி ஏறுவது. 2024 ஜூலையில் திருத்திய வீட்டுக் கட்டணப்படி, இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய், அதற்கு மேல் 400 வரை 4.70, 500 வரை 6.30. 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2.35 சலுகை போய்விடும்; 101 முதல் 400 வரை எல்லாமே 4.70. பிறகு 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கும் மேல் 11.55. உங்கள் பில்லில் இன்று அச்சாகியிருக்கும் விகிதத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். எண்கள் மாறினாலும் படிக்கட்டின் அமைப்பு இதுதான்.

மாடியில் உற்பத்தியாகும் யூனிட்டை உங்கள் மொத்தப் பயன்பாட்டில் கழித்துத்தான் பில் போடுவார்கள்; கழிவது மேல்படியிலிருந்து. ஆகவே முதலில் மிச்சமாவது விலை உயர்ந்த யூனிட், கடைசியில் மிச்சமாவது மலிவான யூனிட். விற்க வருபவர்கள் "ஒரு யூனிட் 8 ரூபாய்" என்று ஒரே விலையைப் பெருக்கிக் காட்டினால், அந்தத் தாளை அங்கேயே மடித்து வைத்துவிடலாம்.

ஒரு கிலோவாட் அமைப்பு நம் வெயிலில் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். தூசி, பகல் நேர மின்தடை எல்லாம் போக இரண்டு மாதத்துக்கு 233 யூனிட் என்று வைப்போம். 600 யூனிட் ஓடும் வீட்டுக்கு பில் 2,880 ரூபாய். ஒரு கிலோவாட் போட்டால் அது 1,020 ஆகிறது; ஆண்டுக்கு ஏறத்தாழ 11,000 மிச்சம். இரண்டாவது கிலோவாட்டையும் சேர்த்தால் பில் 80 ரூபாய். ஆனால் அந்த இரண்டாவது கிலோவாட்டின் பங்கு ஆண்டுக்கு 5,600 ரூபாய்தான். மூன்றாவது கிலோவாட் சம்பாதிப்பது ஆண்டுக்கு 500 ரூபாய்கூட இல்லை. மானியம் 3 கிலோவாட்டுக்கு அதிகம் என்பதற்காக எல்லோரும் 3 கிலோவாட் போடுவது இங்கேதான் தவறாகிறது.

மானியக் கணக்கு இது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரி சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000. உச்சவரம்பு 78,000 ரூபாய். 5 கிலோவாட் போட்டாலும் அதே 78,000. பேனலும், அதற்குள் மின்சாரம் உண்டாக்கும் ‘செல்’ என்ற சில்லும் இந்தியாவிலேயே செய்தவை என்றால்தான் மானியம். அவற்றின் விலை இறக்குமதிப் பேனலைவிடக் கூடுதல். 2025 செப்டம்பரில் சோலார் சாதனங்களுக்கான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, அதைப் பழைய விலைப்பட்டியலில் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள். 3 கிலோவாட்டுக்குச் சுமார் 2 லட்சம் கேட்டால், மானியம் போகக் கையிலிருந்து 1.22 லட்சம். 1,000 யூனிட் ஓடும் வீட்டில் 6,870 ரூபாய் பில் 710 ஆகும். மூன்றரை ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும். அதே அமைப்பை 400 யூனிட் வீட்டில் வைத்தால் பில் முழுக்க ஒழிந்தாலும் மிச்சம் ஆண்டுக்கு 7,050 ரூபாய்தான். பதினேழு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதற்குள் ஒரு தடவையாவது இன்வெர்ட்டரை (பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் கருவி) மாற்ற வேண்டியிருக்கும், அது தனிச் செலவு. இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டுக்குள் ஓட்டும் வீட்டுக்கு நேர்மையான பதில்: இப்போதைக்கு வேண்டாம். மின்சார ஸ்கூட்டரோ இரண்டாவது ஏ.சி.யோ வரப்போகிறது என்றால் அப்போது மறுபடி கணக்குப் போடலாம்.

மின்வாரியத்தின் கம்பிகளைப் பயன்படுத்துவதற்காக வலையமைப்புக் கட்டணம் என்று ஒன்று பில்லில் சேரக்கூடும். விண்ணப்பிக்கும் நாளில் அது எவ்வளவு என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு மேலே போட்ட மிச்சக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனால் சோலாரும் போகும்

போட்டு முடித்தபின் அதிகம் பேர் ஏமாந்ததாக உணர்வது இங்கேதான். மானியத்தில் வழக்கமாகப் போடும், மின்வாரிய லைனோடு இணைந்த ஆன்கிரிட் அமைப்பில் பேட்டரி கிடையாது. தெருவில் மின்சாரம் நின்றால், உச்சி வெயிலிலும் இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிடும். அது பழுதல்ல. கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனை உங்கள் மாடியிலிருந்து போகும் மின்சாரம் தாக்காமலிருக்க வைத்த காப்பு. மின்தடைக்குத் தீர்வு வேண்டுமென்றால் பேட்டரியுடன் கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். செலவு வெகுவாக ஏறும், பேட்டரிக்குத் தனி ஆயுள். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரியை அப்படியே வைத்துக்கொள்வது பல வீடுகளுக்குப் போதும்.

இதன் இன்னொரு முகம், மின்னழுத்தம். புறநகரில் பகலில் லைன் வோல்டேஜ் 250-க்கு மேல் ஏறுவது உண்டு. வரம்பைத் தாண்டினால் இன்வெர்ட்டர் நிற்கும், இறங்கினால் மறுபடி கிளம்பும். நல்ல வெயிலில் பதினொரு மணிக்கு மேல் இன்வெர்ட்டரின் உற்பத்தி வரைபடம் பல்லுப் பல்லாக வெட்டுப்பட்டுத் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை போகும் கேபிள் மெல்லியதாக இருந்தால் அதைத் தடித்ததாக மாற்றினாலே பாதி சரியாகும். மீதிக்கு டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் ‘டேப்’ இணைப்பை மாற்றச் சொல்லி மின்வாரியத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நிழல்

பேனல்கள் தொடராக இணைக்கப்படுகின்றன. ஒன்றின் மூலையில் விழும் நிழல் அந்த ஒரு பேனலின் மூன்றில் ஒரு பகுதியையே முடக்கிவிடக்கூடும். பல பேனல்களில் விழுந்தால் முழு வரிசையும் தடுமாறும். தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, தென்னை, பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவர், கேபிள் டி.வி. கம்பம் எல்லாம் குற்றவாளிகள்தான். காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை நிழல் படக்கூடாது என்பது விதி. அதைப் பார்க்க வேண்டிய மாதம் டிசம்பர். சென்னையில் அப்போது நண்பகல் சூரியனே 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும்; ஐந்தடித் தொட்டியின் நிழல் நண்பகலில் நாலடிக்குச் சற்றுக் குறைவு, மூன்று மணிக்கு அதைவிட நீளம்.

பலர் மறப்பது இது: ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும். வடக்கே இருக்கும் மாடிப்படி அறை காலையிலும் மாலையிலும் தெற்கு நோக்கி நிழல் தரும். "வடக்கில்தானே இருக்கு, பரவாயில்லை" என்று ஒட்டி வைத்துவிடாதீர்கள். பேனல் தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரி சாய்வில் இருந்தால் போதும். அதற்கும் குறைத்தால் மழைநீர் வடியாமல் கீழ்விளிம்பில் சேறு படியும். 540 வாட் பேனல் ஆறு வைத்தால் 3.24 கிலோவாட், நடக்க இடமும் சேர்த்து 300 சதுர அடி ஒதுக்குங்கள்.

பேனல் தாங்கும் சட்டம், வயர், எர்த்

பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்பார்கள். அதைத் தாங்கும் சட்டத்துக்கு எத்தனை என்று கேட்பவர் குறைவு. பெயின்ட் அடித்த இரும்பு கடற்கரையோரம் சில ஆண்டிலேயே துருப்பிடித்து ஒழுகத் தொடங்கும். சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த, 80 மைக்ரான் பூச்சுள்ள சட்டமும், 304 தர ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் என்று விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள். இடத்தில் வெட்டி வெல்டிங் செய்தால் அந்த இடத்துப் பூச்சு போனது போனதுதான். சென்னையில் இந்தியத் தர நிர்ணயத்தின்படி கணக்கில் எடுக்க வேண்டிய காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். 2016-இல் வர்தா புயல் எப்படி வீசியது என்று நினைவிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். எட்டடி உயரத்தில் பந்தல் மாதிரிப் போட்டால் கீழே துணி காயப்போடலாம், ஆனால் காற்று அடியிலிருந்து தூக்கும். கான்கிரீட் பீடத்தின் எடையும் குறுக்குத் தாங்கிகளும் அதற்கேற்ப வேண்டும். தட்டோடு பதித்த தளத்தைத் துளைத்தால் அடுத்த ஐப்பசியில் கூரை ஒழுகும். ஒழுகல் ஏற்கெனவே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், பேனலைக் கழற்றி மாட்டத் தனிக்கூலி ஆகும்.

தீப்பிடிக்கும் இடம் பெரும்பாலும் பேனல் கேபிள்களை இணைக்கும் கனெக்டர். எம்சி4 வகைக் கனெக்டரின் ஆண் முனை ஒரு கம்பெனி, பெண் முனை இன்னொரு கம்பெனி என்றால் பொருந்தியது போல் தெரியும், உள்ளே தளர்ந்து சூடாகும். சரியான கருவியால் நெரிக்காமல் கட்டிங் பிளேயரால் அமுக்கினாலும் அதே கதி. பேனலிலிருந்து வரும் டி.சி. மின்சாரத்தில் எழும் பொறி, வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரத்தில் போலத் தானாக அணையாது. கேபிள் 4 சதுர மி.மீ. சோலார் கேபிளாக இருக்கட்டும், தளத்தில் கிடக்காமல் குழாயில் ஓடட்டும். வெள்ளை நைலான் டை வெயிலில் நைந்து உடையும். எர்த் குழி மூன்று: இடிதாங்கிக்கு, டி.சி. பக்கத்துக்கு, ஏ.சி. பக்கத்துக்கு. மீட்டர் வைத்து அளந்து 5 ஓமுக்குள் இருக்கிறதா என்று கண்முன்னே காட்டச் சொல்லுங்கள்.

மானிய விண்ணப்பம் தேங்குவது பெரும்பாலும் பெயரில். மின் இணைப்பு காலமான தாத்தா பெயரில் இருக்கும், வங்கிக் கணக்கு பேரன் பெயரில். பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். சோலார் அளவைவிட அனுமதித்த மின்சுமை குறைவாக இருந்தால் அதையும் உயர்த்தவேண்டி வரலாம். வாங்கும் மின்சாரத்தையும் அனுப்பும் மின்சாரத்தையும் தனித்தனியே அளக்கும் நெட் மீட்டரை மாட்டிச் சரிபார்த்த பிறகே மானியம் கணக்கில் ஏறும். அதுவரை முழுப் பணமும் உங்களுடையது. நிறுவுபவருக்குக் கடைசித் தவணையாகப் பத்து சதவீதத்தையாவது நெட் மீட்டர் ஓடும்வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. மழையில்லாத மாதங்களில் பதினைந்து நாளுக்கொரு முறை, வெயில் ஏறும் முன் நீரூற்றி மென்மையான வைப்பரால் துடைத்தால் போதும். உப்புத்தண்ணீர் போர்வெல் என்றால் துடைத்து உலர்த்துங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் ஏறி எதற்கும் போகாது. காக்கை எச்சத்தை விட்டுவைத்தால் அந்த இடம் மட்டும் சூடேறிச் செல் கருகும். பேனல்மேல் ஏறி நிற்கவே கூடாது. கண்ணாடி உடையாவிட்டாலும் உள்ளே செல்லில் மயிரிழை விரிசல் விழும்.

முதல் நெட் மீட்டர் பில் வந்ததும் இரண்டு எண்களைத் தேடுங்கள்: வாங்கியது, அனுப்பியது. இன்வெர்ட்டர் காட்டும் மொத்த உற்பத்தியில் அனுப்பியதைக் கழித்தால், பகலில் வீடு நேராகத் தின்றது கிடைக்கும். மீட்டரில் அனுப்பிய யூனிட் ஓடியிருந்தும் பில்லில் பூஜ்யம் என்று வந்தால், கணக்கெடுத்தவர் அந்தத் திரையை எடுக்கவில்லை என்று பொருள். மீட்டரின் இரண்டு திரையையும் படம் எடுத்து, அடுத்த கணக்கெடுப்புக்கு முன் பிரிவு அலுவலகத்தில் கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.