இரும்பை அரிக்கும் குமிழி

மன்னார்குடி பக்கம் ஒரு பட்டறை. சித்தப்பாவின் பம்புசெட் எஞ்சின் கரும்புகை கக்குகிறது, டீசலும் கூடுதலாகக் குடிக்கிறது என்று, எஞ்சினுக்குள் டீசலைத் தூவும் எஃகு முனையான நாசிலைக் கழற்றி எடுத்துப் போயிருந்தோம். மெக்கானிக் அதை டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தினார். நாலு துளைகளில் மூன்று, மார்கழிப் பனி மாதிரி தூவின. நாலாவது மட்டும் கம்பிபோல நீளமாகப் பீய்ச்சியது. "கையைக் கிட்ட கொண்டுபோகாதீங்க தம்பி, தோலுக்குள்ள ஏறிடும்" என்றார். உண்மைதான். ஏறத்தாழ 200 பார் (வளிமண்டலத்தைப்போல சுமார் 200 மடங்கு) அழுத்தத்தில் வரும் டீசல் அது, தோலைத் துளைத்துவிடும்.

அந்தத் துளையின் அகலம் கால் மில்லிமீட்டர் அளவுதான். அதன் வழியே டீசல் விநாடிக்கு 200 மீட்டரை நெருங்கும் வேகத்தில் பாய்கிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை பாய்ச்சல். எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடினால் 750 தடவை. கடைமடையில் தண்ணீர் எட்டாத நாளில் பத்து மணி நேரம் விடாமல் ஓட்டினால், ஒரே இரவில் நாலரை லட்சம் தடவை!

அந்த நாலாவது துளை அரித்துப்போயிருந்தது. இவ்வளவு பாய்ந்தாலும் எண்ணெய்ப்பசையுள்ள டீசல் எஃகை எப்படித் தின்னும்? இரண்டு வழி உண்டு. ஒன்று எளிது: தூசி. அறுவடைக் களத்தில் கேனைத் திறந்துவைத்து ஊற்றும்போது உமித்தூசி விழுகிறது. நெல் உமியில் சிலிக்கா நிறைய. ஆற்று மணலில் இருப்பதும் அதேதான். பில்டரைத் தாண்டிய துகள் உப்புத்தாள்போலத் தேய்க்கிறது.

இரண்டாவதுதான் எனக்குத் தீராத வியப்பு. வாய்க்காலிலிருந்து மதகுக்குள் தண்ணீர் நுழையும் இடத்தைப் பாருங்கள். மூலை கூராக இருந்தால் தண்ணீர் சுவரை ஒட்டித் திரும்பாது. விலகி ஓடும், அங்கே ஒரு சுழி விழும். நாசில் துளையின் வாயிலும் இதே கதை. டீசல் விலகும் அந்த மூலையில் அழுத்தம் மிகவும் தாழ்ந்துபோகிறது. சூடே இல்லாமல் டீசல் அங்கே கொதித்து, ஆவிக்குமிழிகள் பிறக்கின்றன. சற்றுத் தள்ளி அழுத்தம் மீண்டதும் அவை நொறுங்கி அடங்குகின்றன. எஃகை ஒட்டி நொறுங்கும் குமிழிக்குச் சுவர்ப்பக்கமிருந்து திரவம் வர வழியில்லை. எதிர்ப்பக்கத் திரவம் குமிழியைக் குத்திக்கொண்டு ஊசிபோலச் சுவரில் மோதுகிறது. கப்பல் உந்திகள் இப்படிக் குழிவிழுவதை விளக்க 1917-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு கணக்குப்போட்டபோது, குமிழி நொறுங்கும் இடத்தில் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு எகிறும் என்று வந்தது. ஒரு அடியில் ஒன்றும் ஆகாது. லட்சக்கணக்கில் விழும்போது எஃகு களைத்துப் பொடிப்பொடியாக உதிர்கிறது.

பழைய பம்புசெட்டில் தூசியும் கரியும்தான் பெரிய எதிரி. எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை உயரழுத்தத்தில் தேக்கிவைக்கும் இன்றைய 'காமன் ரெயில்' எஞ்சின்களில் அழுத்தம் 1600 பாரையும் தாண்டும். அங்கே குமிழியின் கை ஓங்கிவிடுகிறது. அதற்கு மருந்தும் அரிப்புதான்! நாசில் செய்யும்போதே, அரைக்கும் துகள் கலந்த திரவத்தைத் துளை வழியே பாய்ச்சி வாய்மூலையை உருட்டிவிடுகிறார்கள். மூலை மழுங்கினால் சுழி குறையும், குமிழியும் குறையும்.

அதனால்தான் அடைத்த துளையைக் கையில் கிடைத்த கம்பியால் குத்தும் பழக்கத்தைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது. துளை அகன்றுபோகும், உருட்டிய வாய் மறுபடி பிசிறாகும். டீசலைத் துணியிலோ வலையிலோ வடிகட்டி ஊற்றுங்கள். மழைக்காலத்தில் டேங்க்கை மாலையிலேயே நிரப்பிவிட்டால் உள்ளே ஈரம் கோத்துத் தண்ணீர் சேர்வது குறையும். பில்டர் அடியில் தேங்கிய தண்ணீரை அவ்வப்போது திறந்துவிடுங்கள்.

நாசிலுக்குள் ஏறி இறங்கித் துளைகளுக்கு டீசலைத் திறந்து மூடும் ஊசி ஒன்று உண்டு. மெக்கானிக் அந்தப் பழைய ஊசியை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். பளபளவென்றிருக்க வேண்டிய கூம்பில், இருக்கையில் படியும் இடத்தைச் சுற்றி மங்கலாக ஒரு வளையம். நகத்தால் தடவினால் சொரசொரப்பு தெரிந்தது. ஊசியும் நாசிலின் உடலும் ஜோடியாக இழைத்தவை, இடைவெளி சில மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்றினார். புதிய நாசிலை டெஸ்டரில் மாட்டி அழுத்தியபோது, நாலு துளையும் ஒரே சீராகத் தூவின.