உந்தம் இருக்க உத்வேகம் எதற்கு?

போன மாதம் ஒரு நிர்வாகப் பயிற்சிக் கையேடு மெய்ப்புப் பார்க்க வந்தது. 40 பக்கம். முதல் பக்கத்திலேயே இந்த வாக்கியம்: ‘ஒரு தலைவர் சிறிய தினசரி பழக்கங்களின் மூலம் உத்வேகத்தைக் கட்டியெழுப்புகிறார்.’ பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கடைசிப் பக்கம் வருவதற்குள் இந்த ‘உத்வேகத்தைக் கட்டியெழுப்பு’ 11 தடவை வந்துவிட்டது. மேடைப் பேச்சில், யூடியூப் காணொளியில், அலுவலகச் சுற்றறிக்கையில் கேட்டுக் கேட்டு அலுத்ததுதான். அச்சில் ஏறப்போகிறது என்றதும் பொறுக்கவில்லை.

கையேட்டின் ஆங்கில மூலத்தில் இருந்த சொல் மொமென்டம் (momentum). லத்தீனில் ‘மொவேரே’ என்றால் நகர்த்து. அதிலிருந்து மொவிமென்டம், அது தேய்ந்து மொமென்டம். அசைவு என்ற பொருளோடு, தராசுத் தட்டைச் சாய்க்கப் போதுமான துளி எடை என்ற பொருளும் அதற்கு இருந்தது. நம் ஊர் ஆசாரி கணக்கில் சொன்னால் குன்றிமணி. கணத்தைக் குறிக்கும் ‘மொமென்ட்’டும் அதே வீட்டுப் பிள்ளைதான். நியூட்டன் 1687-இல் வெளியிட்ட பிரின்சிப்பியாவில் இதையே ‘இயக்கத்தின் அளவு’ என்றார். நம் பள்ளிப் பாடத்தில் இதற்கு உந்தம் என்று பெயர்: நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம். பத்தாம் வகுப்புத் தாண்டிய யாரும் இதைப் படிக்காமல் வந்திருக்க முடியாது.

இப்படி ஒரு சொல் கையில் இருக்கும்போது உத்வேகத்தைத் தேடிப் போவானேன்? ‘உத்’ என்ற முன்னொட்டோடு வேகம் சேர்ந்தால் மேலெழும் வேகம் என்று மொழிபெயர்ப்பாளர்கள் நினைத்துக்கொள்கிறார்கள் போலும். வடமொழியில் அதன் பொருள் கலக்கம், பதற்றம், மன உளைச்சல். கீதையின் 12-ஆம் அத்தியாயம் 15-ஆம் சுலோகத்தில் அச்சத்துக்குப் பக்கத்திலேயே உத்வேகத்தையும் வைத்து, இவற்றிலிருந்து விடுபட்டவனே தனக்குப் பிரியமானவன் என்கிறான் கண்ணன். 17-ஆம் அத்தியாயத்தில் உத்வேகம் உண்டாக்காத பேச்சைத் தவம் என்கிறான். ஆக, நம் கையேட்டுத் தலைவர் நாள்தோறும் சிறுகச் சிறுகப் பதற்றத்தைக் கட்டியெழுப்புகிறார். சில மேலாளர்களைப் பார்த்தால் அது சரியான மொழிபெயர்ப்பாகவும் தோன்றும். அது வேறு கதை.

கடன் வாங்கிய சொல் புது வீட்டில் பொருள் மாறுவது வழக்கம்தான், தமிழில் இன்று உத்வேகம் என்றால் உற்சாகம், எழுச்சி என்றுதானே பொருள் என்று கேட்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியே வைத்துக்கொண்டாலும் இங்கே பொருந்தாது. உற்சாகம் மனத்தில் இருப்பது. ஒரு நல்ல பேச்சைக் கேட்டால் சாயங்காலம் வரும், காலையில் போய்விடும். மொமென்டம் ஓடிக்கொண்டிருக்கும் பொருளில் இருப்பது. தள்ளியவன் கையை எடுத்த பிறகும் அந்தப் பொருளில் நிற்பது.

தேர் இழுத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. அசைந்து கிளம்பும் வரைதான் பாடு. கிளம்பிவிட்டால் அதை நிறுத்துவது அடுத்த பாடு. நொடிக்கு 20 சென்டிமீட்டர் ஊர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளும் வண்டியுமாக 200 கிலோ எடையுள்ள ஒரு பைக் மணிக்கு 72 கிலோமீட்டரில் பறக்கும்போது அதற்குள்ள உந்தத்தைப் போல 15 மடங்கு அந்த ஊர்ந்து போகும் தேருக்கு இருக்கும். முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்காததும், திருச்சி பெல் நிறுவனம் அதற்கு ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்ததும் இதனால்தான். (முட்டுக்கட்டையை நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். தேரடியில் அது உயிர்காக்கும் சாமான்.) வடம் பிடிக்கிறவர்களின் உற்சாகம் உத்வேகம், தேரில் ஏறியிருப்பது உந்தம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கணக்கு எப்படி வரும்?

தலைமை, அன்றாடப் பழக்கம் என்று வரும்போதும் இந்த வேறுபாடு வேண்டும். 1930 மார்ச் 12 அன்று காந்தி சபர்மதியிலிருந்து தண்டிக்குக் கிளம்பியபோது அவருக்கு வயது 60. கூட வந்தவர்கள் 78 பேர். தூரம் சுமார் 240 மைல், 24 நாள். நாளுக்குப் பத்து மைல் நடை. நடந்தவர்கள் எல்லோரும் தினமும் பிரார்த்தனை செய்ய வேண்டும், நூற்க வேண்டும், நாட்குறிப்பு எழுத வேண்டும். இவ்வளவுதான். பார்க்கச் சாதாரணம். ஆனால் ஊருக்கு ஊர் கூட்டம் சேர்ந்தது. ஏப்ரல் 6 அன்று அவர் உப்பை அள்ளினார். 13-ஆம் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கிவிட்டார். மே மாதம் காந்தியைக் கைது செய்த பிறகும் போராட்டம் நிற்கவில்லை. தள்ளியவர் கையை எடுத்த பிறகும் ஓடிய அந்த ஓட்டத்தை உத்வேகம் என்று எழுதினால், ஏதோ எல்லோரும் உணர்ச்சிவசப்பட்டார்கள் என்றாகிவிடும்.

அதே காந்தி தலைமை வகித்த 1924 பெல்காம் காங்கிரசில், உறுப்பினராக இருக்க மாதம் 2000 கெஜம் கைநூல் தர வேண்டும் என்று விதி வந்தது. அதே ராட்டை, அதே அன்றாடப் பழக்கம். மறு ஆண்டே விதியைத் தளர்த்தும்படி ஆயிற்று. அங்கே உத்வேகத்துக்குக் குறைவா என்ன? உந்தம்தான் சேரவில்லை.

உந்தத்துக்குப் போட்டியாக வரும் மற்றவர்களையும் பார்த்துவிடலாம். ‘வேகம்’ பாதிக் கணக்கு; நிறையை விட்டுவிடுகிறது. ‘உந்துசக்தி’ வெளியிலிருந்து தள்ளுவது. பின்னால் நின்று தள்ளும் புல்டோசருக்குப் பொருந்தும், தேருக்குப் பொருந்தாது. ‘உந்துதல்’ தள்ளும் செயல். உந்தம் என்ற சொல்லிலும் தள்ளும் வாசனை இருக்கிறதே என்று ஒரு நண்பர் மடக்கினார். இருக்கிறதுதான். ஆனால் அழுத்து அழுத்தம் ஆன மாதிரி உந்து உந்தம் ஆகி, இயற்பியல் பாடத்தோடு பொருள் நிலைத்துவிட்டது. பாடப்புத்தகச் சொல் மக்களிடம் போகாது என்பவர்கள், மன அழுத்தம் இல்லாத ஒரு மனிதரைக் காட்டட்டும்.

பேச்சுத் தமிழில் வேண்டுமென்றால் அதற்கும் பஞ்சம் இல்லை. எங்கள் பெரியம்மா திருப்பூரில் பன்னிரண்டு மெஷின் போட்டுத் தையல் யூனிட் நடத்தினார். தினமும் காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் தன் மெஷினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, முதல் பீஸைத் தானே தைத்து மேசையில் வைப்பார். அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிள்ளைகள் வந்ததும் பையை மாட்டிவிட்டு நேராக உட்கார்ந்துவிடுவார்கள். தீபாவளிக்கு ஒரு வாரம் மூடித் திறந்தால் முதல் நாள் பாதி பீஸ்தான் இறங்கும். “ஓட்டம் விட்டுப்போச்சு கண்ணு, மூணு நாள் ஆகும் கை ஓடறதுக்கு” என்பார். வேலை சூடு பிடித்தது, ஓட்டம் விடாமல் பார்த்துக்கொள், கை ஓடுகிறது. இதற்கெல்லாம் அகராதி புரட்ட வேண்டியதே இல்லை.

கடைசியாக அந்தக் ‘கட்டியெழுப்பு’. வீட்டைக் கட்டலாம், மதிலை எழுப்பலாம். இப்போது நம்பிக்கையைக் கட்டியெழுப்புகிறார்கள், உறவைக் கட்டியெழுப்புகிறார்கள், அணியைக் கட்டியெழுப்புகிறார்கள். கொத்தனார் இல்லாமல் ஒரு பத்தி நகர மாட்டேன் என்கிறது. ஓடுவதைக் கட்ட முடியாது. கட்டினால் நின்றுவிடும். உந்தம் சேரும், ஏறும், கூடும்.

11 இடத்திலும் திருத்தி, ஓரத்தில் காரணமும் எழுதி அனுப்பினேன். அச்சான பிரதி நேற்று தபாலில் வந்தது. என் பேச்சை மதித்திருக்கிறார்கள். அட்டையிலேயே பெரிய எழுத்தில்: ‘உந்தத்தைக் கட்டியெழுப்புவது எப்படி?’