சாலை மரணங்களை எதனால் வகுப்பது?

ஒரு நாட்டின் சாலைகள் முன்பைவிடப் பாதுகாப்பாக உள்ளனவா என்பதை இறந்தோரின் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அந்த எண்ணை எதனால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடையே மாறிவிடும். மக்கள்தொகையால் வகுத்தால், சாலை விபத்து எவ்வளவு பெரிய பொதுச் சுகாதாரச் சிக்கல் என்பது தெரியும். வாகனங்களின் எண்ணிக்கையால் வகுத்தாலோ, வாகனங்கள் இரு மடங்காகி மரணங்கள் அப்படியே இருக்கும் நாட்டில் விகிதம் பாதியாகக் குறைந்துவிடும். உயிரிழப்பில் ஒன்றுகூடக் குறைந்திருக்காது. வாகனங்கள் பெருகப் பெருக இந்த விகிதம் சரிவதை ரூபன் ஸ்மீட் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் 1949-இலேயே பல நாடுகளின் தரவுகளைக் கொண்டு காட்டினார். ஆகவே, இந்த ஒரு விகிதத்தை மட்டும் காட்டிப் பெருமை பேசும் அறிக்கைகளைச் சற்றுச் சந்தேகத்துடன் படிப்பதே நல்லது.

வகுபடும் எண்ணும் நம்பகமாக இருக்க வேண்டும். விபத்து நடந்து 30 நாட்களுக்குள் இறந்தவரைச் சாலை மரணக் கணக்கில் சேர்ப்பதே பன்னாட்டு வழக்கம். மருத்துவமனையில் பின்னர் இறந்தவர் காவல்துறைப் பதிவில் காயமடைந்தவராகவே நின்றுவிடும் இடங்களில் கணக்கு குறைந்துபோகிறது.

மரணங்களை எண்ணுவது எப்படியும் காலம் கடந்த அளவீடுதான். அதனால் மரணத்துக்கு முந்தைய நிலைகளை அளக்கிறார்கள்: வேகம், தலைக்கவசம், இருக்கைப் பட்டை, மது. இவற்றுள் வேகமே முதன்மையானது. சிக்னலுக்கும் வளைவுக்கும் அப்பால், முன்னே வண்டி எதுவும் தடுக்காத இடத்தில், ஓட்டுநரின் கண்ணில் படாமல் கருவியை வைத்து, அவர் தாமாகத் தேர்ந்தெடுக்கும் வேகத்தைப் பதிவுசெய்ய வேண்டும். ஸ்வீடன் ஆய்வாளர் யோரான் நில்சன் வகுத்த விதியின்படி, உயிர்பறிக்கும் விபத்துகள் சராசரி வேகத்தின் ஏறத்தாழ நான்காம் அடுக்கைப் பின்பற்றுகின்றன. சராசரி மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 76 ஆகக் குறைந்தால், அதாவது வெறும் 5 விழுக்காடு குறைந்தால், அத்தகைய விபத்துகள் 19 விழுக்காடு அளவுக்குக் குறையும் என எதிர்பார்க்கலாம். தலைக்கவசத்தை எண்ணும்போது அது தலையில் இருந்தால் மட்டும் போதாது, வார் மாட்டப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

திருத்தம் பலன் தந்ததா என்று மதிப்பிடுவதிலும் ஒரு பொறி உண்டு. மிக மோசமான ஓர் ஆண்டுக்குப் பிறகே ஒரு சந்திப்பைச் சீரமைக்கத் தேர்ந்தெடுக்கிறோம். எதுவும் செய்யாமல் விட்டிருந்தாலும் அடுத்த ஆண்டு அங்கே எண்ணிக்கை சராசரியை நோக்கி இறங்கியிருக்கக்கூடும். சீரமைக்கப்படாத, அதே தன்மையுள்ள சந்திப்புகளோடு ஒப்பிட்டால்தான் உண்மையான பலன் பிடிபடும்.

மனிதர் தவறு செய்வார், அத்தவறு உயிரைப் பறிக்காதபடி சாலையை அமைக்க வேண்டும் என்ற கொள்கையை ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-இல் ஏற்றது. அந்நாட்டின் பல சாலைகளில் எதிரெதிர்த் திசைகளுக்கு நடுவே எஃகுக் கம்பிவடத் தடுப்பு உள்ளது. கட்டுப்பாடு இழந்த கார் எதிர்வரும் லாரியில் மோதுவதற்குப் பதிலாகக் கம்பிவடத்தில் மோதி நிற்கிறது. தடுப்பில் உரசிச் சேதமாகும் வண்டிகள் அங்கே அதிகம்; மரணங்களோ பெருமளவு குறைந்தன. மொத்த விபத்துகளை மட்டும் எண்ணுபவருக்கு அந்தச் சாலை முன்பைவிட மோசமானதாகவே தோன்றும்.