நடக்கும்போது இரண்டு கையும் வீசுகிறதா?

"கால்லதானே மேடம் பிரச்சினை, தோள்லயும் முதுகுலயும் எதுக்கு ஒட்டுறீங்க?" ஒருவர் நடக்கும் விதத்தை அளக்கும் எங்கள் நடை ஆய்வுக்கூடத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் கேட்பார்கள். ஒட்டுவது சுண்டைக்காய் அளவிலான, ஒளியைத் திருப்பி அனுப்பும் பந்துகள். மார்க்கர் என்போம். சுற்றிலும் உள்ள அகச்சிவப்புக் கேமராக்கள் நொடிக்கு நூறு முறையோ அதற்கு மேலோ அவற்றைப் படம்பிடிக்கும். ஒரு மார்க்கரைக் குறைந்தது இரண்டு கேமராவாவது பார்த்தால்தான் அது எங்கே இருக்கிறது என்று கணக்கிட முடியும்.

கையை நாம் சும்மா வீசுவதில்லை. கால் முன்னே போகும்போது உடம்பு திருகப் பார்க்கும். எதிர்ப்பக்கக் கை அதைச் சரிக்கட்டும். கைகளை அசைக்காமல் நடந்தால் சுமார் 12 சதவீதம் கூடுதல் ஆற்றல் செலவாகிறது என்று 2009-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது.

ஆனால் மேலுடம்பை அளப்பது காலை அளப்பதைவிடப் படுத்தும் வேலை. தோள்முனையில் ஒட்டிய மார்க்கர், கையைத் தூக்கினால் தோலோடு நழுவும். எலும்பு ஓரிடம், மார்க்கர் ஓரிடம். இடுப்பில் ஒட்டியதை வீசும் கையே மறைத்துவிடும். புடவையிலும் தொளதொள சட்டையிலும் வேலை நடக்காது. கையில்லாத இறுக்கமான பனியன் வேண்டும். பெண்கள் கூச்சப்படுவது நியாயம்தான். அதற்கு நேரம் கொடுக்க வேண்டியது எங்கள் பொறுப்பு.

இதையெல்லாம் சமாளித்தாலும் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. தன்னைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததும் மனிதர்கள் குடியரசு தின அணிவகுப்பு போலக் கை வீசுவார்கள். அதனால் முதல் சில நடைகளை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. அப்புறம், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்லிக்கொண்டே நடக்கச் சொல்வேன். மனசு கணக்குக்குப் போனதும் கை தன் நிஜத்தைக் காட்டிவிடும்.

58 வயதுக்காரர் ஒருவருக்கு வலது தோள் இறுக்கம் என்று இரண்டு மாதம் பயிற்சி கொடுத்தேன். வலி குறைந்தது, கை மட்டும் விறைப்பாகவே இருந்தது. ஆய்வுக்கூடத்தில் சாதாரணமாக நடந்தபோது வித்தியாசம் கொஞ்சம்தான். '93, 86...' என்று ஆரம்பித்ததும் இடக்கை வீச, வலக்கை முழங்கை மடங்கி உடம்போடு ஒட்டிக்கொண்டது. நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன். பார்க்கின்சன் நோயின் தொடக்கம் என்றார். அசைவைக் கட்டுப்படுத்தும் மூளை நரம்பணுக்கள் மெல்ல நலியும் நோய் அது. நடுக்கம் துளியும் இல்லை. நடுக்கம் வந்தால்தான் பார்க்கின்சன் என்று காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு கை வீசவில்லை என்றாலே பயப்படவும் வேண்டாம். செல்போன், தோள்பை, பழைய எலும்புமுறிவு எல்லாம் காரணமாகலாம். ரஷ்ய அதிபர் புடினின் வலக்கை வீச்சு குறைவாக இருப்பதற்கு ஆயுதப் பயிற்சி காரணமாகலாம் என்று நரம்பியல் மருத்துவர்கள் சிலர் 2015-ல் எழுதினார்கள். ஆனால் கை வீச்சுக் குறைவோடு கையெழுத்து சிறுத்துக்கொண்டே போவது, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, வாசனை தெரியாமல் போவது ஆகியவையும் சேர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் அப்படி யாராவது இருந்தால், அவருக்குச் சொல்லாமல் பத்தடி தள்ளி நின்று, அவர் நடந்து வருவதைச் செல்போனில் எடுத்தாலே போதும். மருத்துவருக்கு அது நல்ல சாட்சி.

நோய் உறுதியான பிறகு அந்த 58 வயதுக்காரரின் மனைவி, இரண்டு வருடத்துக்கு முந்தைய மகள் கல்யாண வீடியோவைக் கொண்டுவந்து காட்டினார். சம்பந்தி வீட்டாரை வரவேற்க அவர் மண்டப வாசலுக்கு வேகமாக நடக்கிறார். இடக்கை வீசுகிறது. வலக்கை அப்போதே தொங்கிக்கொண்டிருந்தது.