போர்க்கப்பல எண்ணாதீங்க, டிரை டாக்க எண்ணுங்க

கப்பல்ல இன்ஜினியரா 19 வருஷம் ஓடிட்டு இப்போ கரையில இருக்கேன், எங்க கம்பெனி கப்பல்கள டிரை டாக்ல, அதாவது தண்ணிய வடிச்சிட்டு கப்பல ரிப்பேர் பண்ற தொட்டியில, ஏத்தி வேல வாங்குற சூப்பரின்டெண்டென்ட் வேலை. அரசியல் படிச்சவன் இல்ல. ஆனா கொஞ்ச நாளா சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்ல இருந்து கப்பல் வேலைக்கு டிரெய்னிங்ல இருக்குற கேடட் பசங்க குரூப் வரைக்கும் ஒரே மாதிரி வீடியோ தான் சுத்துது, அமெரிக்காகிட்ட 11 விமானம் தாங்கிக் கப்பல், சைனாகிட்ட 3, சண்ட வந்தா யாரு ஜெயிப்பான்னு. அத பாத்து பசங்க என்கிட்ட கேக்குறாங்க, அதான் எழுதுறேன். கப்பல்ல வேல பாத்தவனுக்கு முதல்ல வர்ற கேள்வியே வேற, அடிபட்டா எங்க போயி நிக்கும், எத்தன நாள்ல வெளிய வரும், ஓட்ட ஆளு இருக்கா.

நான் கண்ணால பாத்தத சொல்றேன். ஷாங்காய்க்கு தெக்க ஜோஷான்னு ஒரு தீவுக் கூட்டம், ரிப்பேர் யார்டா நெறஞ்சு கெடக்கும். அங்க ஒரு பல்க் கேரியர், அதாவது நிலக்கரி, தானியம் மாதிரி சரக்க மொத்தமா கொட்டி ஏத்துற கப்பல், அதோட டாக்கிங்குக்கு போயிருந்தேன். கப்பல் நிலையா நிக்க கடல் தண்ணி நெரப்புற பேலஸ்ட் டாங்க் உள்ள டார்ச் அடிச்சு சுத்தியலால தட்டிப் பாத்தா, நாங்க லிஸ்ட்ல எழுதுனத விட ரெண்டு மடங்கு தகடு அரிச்சுப் போயிருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு கப்பல் தரத்த சோதிக்கிற கிளாஸ் சர்வேயர் கையெழுத்தோட கூடுதல் ஸ்டீல் லிஸ்ட் கொடுத்தேன், காலைல டாக்குக்குள்ள இறங்குனா தகட்ட வெட்டி சாக்பீஸ்ல ஃப்ரேம் நம்பர் எழுதி அடுக்கி வச்சிருக்காங்க. ராத்திரி ஷிஃப்ட்ல எங்க கப்பலுக்கு மட்டும் ஏறக்குறைய அறுபது வெல்டர், பக்கத்து டாக்ல இன்னொரு கப்பல், அதுக்கு அடுத்ததுலயும் கப்பல், விடிய விடிய வெல்டிங் வெளிச்சம்.

இப்போ ஹூஸ்டன். நான் செகண்ட் இன்ஜினியரா இருந்தப்போ ஒரு ஜெனரேட்டரோட டர்போசார்ஜர் பேரிங் போயிருச்சு, ஏஜென்ட் மூலமா வொர்க்ஷாப் ஆளு கேட்டோம், மூணு நாளு கழிச்சு ஒரே ஒருத்தர் வந்தார், அறுபது வயசுக்கு மேல இருக்கும். அவர் கைவேலைய பாத்து எங்க இன்ஜின் ரூமே அசந்து நின்னுச்சு, அப்படி ஒரு சுத்தம். ஏன் சார் ஒருத்தரா வந்தீங்கன்னு கேட்டதுக்கு, கூட வர ஆளு இல்லப்பா, என் பசங்க ரெண்டு பேருமே இந்த தொழிலுக்கு வரலன்னு சொன்னார். இன்னைக்கு அமெரிக்க பாதுகாப்பு பத்தி எத படிச்சாலும் எனக்கு அவர் ஞாபகம் தான் வருது.

சரி, கணக்குக்கு வருவோம். 2023ல வெளிய வந்த அமெரிக்க கடற்படை உளவுப் பிரிவோட ஒரு ஸ்லைடு, சைனாவோட கப்பல் கட்டுற திறன் தங்களோடத விட 232 மடங்குன்னு சொல்லுச்சு. அவங்களுக்கு 2 கோடியே 32 லட்சம் டன், இவங்களுக்கு 1 லட்சம் டன்னுக்கும் கம்மி. அதுல பெரும்பகுதி சரக்குக் கப்பல் திறன் தான், அத அப்படியே போர்க்கப்பலா எடுத்துக்கக் கூடாது, ஆனா டாக்கு, கிரேன், வெல்டர் எல்லாம் ரெண்டுக்கும் ஒண்ணு தானே. பென்டகன் கணக்குலயே சைனா கடற்படை 370 கப்பலுக்கு மேல, அமெரிக்கா 300க்கு கீழ. அமெரிக்க கப்பல் பெருசு, ஏவுகணை அதிகம், நீர்மூழ்கி ரொம்ப உசத்தி, அதையும் மறைக்கக் கூடாது. நாளைக்கே சண்டன்னா முதல் மாசம் அமெரிக்கா கை தாழ்ந்து போகாதுன்னு தான் நான் நெனைக்கிறேன். ரெண்டாவது வருஷம் பத்தி தான் என் கவலை.

ஏன்னா ரெண்டாம் உலகப் போர்ல இதே அமெரிக்கா லிபர்ட்டின்னு ஒரே மாதிரி சரக்குக் கப்பல் 2,710 கட்டி எறக்குச்சு. 1942ல கலிபோர்னியா ரிச்மண்ட் யார்டுல ஒரு கப்பல 4 நாள் 15 மணி நேரத்துல தண்ணியில விட்டாங்க. ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடிக்க மூழ்கடிக்க இவங்க அதவிட வேகமா கட்டுனாங்க. அப்புறம் மெல்ல மெல்ல எல்லாம் போச்சு, 1981ல ரீகன் ஆட்சியில கப்பல் கட்டுறதுக்கான மானியத்தையும் நிறுத்துனாங்க, வேலை ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் கடைசியா சைனாவுக்கும் போயிருச்சு. 1920ல போட்ட ஜோன்ஸ் சட்டம், அதாவது ரெண்டு அமெரிக்க போர்ட்டுக்கு நடுவுல சரக்கு ஏத்தணும்னா அமெரிக்காவுல கட்டுன கப்பல்லயே ஏத்தணுங்குறது, இன்னைக்கும் இருக்கு. அது உள்ளூர் வேலைய கொஞ்சம் காப்பாத்துச்சு, ஆனா வெளியில போட்டி போடுற அளவுக்கு யார்ட வளக்கல.

ரிப்பேர் கத இன்னும் மோசம். யுஎஸ்எஸ் பாய்ஸின்னு ஒரு அணுசக்தி நீர்மூழ்கி, 2015ல டியூட்டி முடிச்சு வந்தது, ஓவர்ஹாலுக்கு, அதாவது முழுசா பிரிச்சு சரி பண்றதுக்கு, டாக் கெடைக்காம நின்னு நின்னு 2017ல தண்ணிக்குள்ள முங்குற சர்டிஃபிகேட்டே போயிருச்சு, 2024ல தான் 120 கோடி டாலருக்கு கான்ட்ராக்ட் போட்டாங்க. ஒரு சரக்குக் கப்பல நான் ஒரு வாரம் லேட்டா எடுத்தாலே ஆஃபீஸ்ல என்னைய நிக்க வச்சு கேள்வி கேப்பாங்க. 2020ல சான் டியாகோவுல மெயின்டனன்ஸ்ல நின்ன பான்ஹோம் ரிச்சர்டுங்குற போர்க்கப்பல் நாலு நாளு எரிஞ்சுது, சரி பண்ண அஞ்சுல இருந்து ஏழு வருஷம், 250 கோடி டாலருக்கு மேல ஆகும்னு கணக்கு பாத்துட்டு ஸ்கிராப்புக்கு அனுப்பிட்டாங்க.

வெளியுறவுக் கொள்கை மாட்டிக்கிற இடமும் இதே தான். 2021ல ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா மூணும் சேந்து ஆக்கஸ் ஒப்பந்தம் அறிவிச்சாங்க, அதுல ஆஸ்திரேலியாவுக்கு 2030கள்ல வர்ஜீனியா கிளாஸ்ங்குற அணுசக்தி நீர்மூழ்கி மூணு தர்றதா பேச்சு. அவங்களுக்கும் கொடுத்து தங்களுக்கும் வச்சுக்கணும்னா வருஷத்துக்கு 2.33 கட்டணும், கட்டுறது ஒண்ணே கால் அளவுல தான். 2022 பாதுகாப்பு வியூகத்துல சைனாவ வச்சு தான் எங்க ராணுவத் தயாரிப்ப அளக்கணும்னு எழுதுனாங்க, எழுத்துல தப்பில்ல, ஆனா கூட்டாளிக்கு கொடுத்த வாக்கு யார்டு கேட்டுல வந்து நின்னுருச்சு. கூட்டாளி நாடு ஒருத்தன நம்புறது அவன் சொன்ன தேதிக்கு பொருள் வருமாங்குறத வச்சு தானே.

இப்போ அவசர அவசரமா சரி பண்றாங்க. கொரியாவோட ஹன்வா கம்பெனி 2024 டிசம்பர்ல பிலடெல்பியா யார்ட வாங்குச்சு. சைனாவுல கட்டுன கப்பல் அமெரிக்க போர்ட்டுக்கு வந்தா தனிக் கட்டணம்னு 2025 அக்டோபர் 14 ஆரம்பிச்சு, நவம்பர் 10ல ஒரு வருஷத்துக்கு நிறுத்தி வச்சாங்க. அந்த நாலு வாரம் எங்க ஆஃபீஸ்ல எந்தக் கப்பல் எங்க கட்டுனது, எது விலக்குல வரும், எத அமெரிக்க டிரிப்ல இருந்து மாத்துறதுன்னு ராத்திரியெல்லாம் உக்காந்து லிஸ்ட் போட்டோம். கட்டணம் போட்டதால ஒரு வெல்டர் கூட உருவாகல, அதுக்கு பத்து வருஷம் பொறுமையா காசு போடணும். வெளிநாட்டு யார்டுல ரிப்பேர் பண்றது தான் எனக்கு புத்திசாலித்தனமா படுது. சென்னைக்கு வடக்க காட்டுப்பள்ளி எல் அண்ட் டி யார்டுக்கு 2022 ஆகஸ்ட்ல சார்லஸ் ட்ரூங்குற அமெரிக்க சப்ளை கப்பல் வந்துச்சு, அமெரிக்க கடற்படைக் கப்பல் இந்தியாவுல ரிப்பேருக்கு வந்தது அது தான் முதல் தடவ. ஆனா அமெரிக்க போர்ட்ட தளமா வச்சிருக்குற போர்க்கப்பல வெளிநாட்டுல ஓவர்ஹால் பண்ண அவங்க சட்டமே விடாது.

ஆளு பஞ்சமும் சேந்துக்கிச்சு. 2024ல மாலுமி இல்லாம 17 சப்போர்ட் கப்பல ஓரங்கட்ட முடிவு பண்ணாங்க. எண்ணெய், சாப்பாடு, குண்டு கொண்டு போற கப்பல் இல்லன்னா விமானம் தாங்கி எத்தன நாளு கடல்ல நிக்கும்?

இதுல நம்ம பசங்களுக்கு என்னன்னு கேட்டா, செங்கடல். 2023 நவம்பர்ல ஏமனோட ஹவுத்தி ஆயுதக் குழு கேலக்ஸி லீடர்ங்குற சரக்குக் கப்பல புடிச்சதுக்கு அப்புறம், அமெரிக்க டெஸ்ட்ராயர் போர்க்கப்பலுங்க அங்க காவல் நின்னுச்சு. மலிவான ட்ரோன அடிக்க 20 லட்சம் டாலர் ஏவுகணை, ஏவுகணை வைக்கிற குழாய் காலியானா கடல்ல வச்சு ரீலோட் பண்ண முடியாது, போர்ட்டுக்கு திரும்பணும். நடுக்கடல்ல ஏத்துற சோதனையே 2024 அக்டோபர்ல தான் பண்ணாங்க. அவ்வளவு பெரிய கடற்படை நின்னும் 2024 மார்ச் 6 ட்ரூ கான்ஃபிடென்ஸ்ங்குற சரக்குக் கப்பல் ஹவுத்தி ஏவுகணையில அடிபட்டு மூணு பேர் செத்தாங்க, மீதி ஆளுங்கள தூக்குனது நம்ம ஐஎன்எஸ் கொல்கத்தா.

அதனால ஜாயின் பண்றதுக்கு முன்னாடி ரூட் எதுன்னு கேளுங்க தம்பிகளா. ஐடிஎஃப், அதாவது சர்வதேச போக்குவரத்துத் தொழிலாளர் சங்கக் கூட்டமைப்பு, அதோட ஒப்பந்தம் இருக்குற கப்பல்னா, போர்ப் பகுதின்னு அறிவிச்ச எடத்துக்கு வரமாட்டேன்னு சொல்ற உரிமை உங்களுக்கு உண்டு, கம்பெனி செலவுல வீட்டுக்கு அனுப்பணும். போறதா இருந்தா பேசிக் சம்பளம் அளவுக்கு போனஸ், உயிருக்கு ஏதாவதுன்னா இழப்பீடு ரெண்டு மடங்கு. எந்தெந்த எடம் அந்த லிஸ்ட்ல இருக்குன்னு அடிக்கடி மாறும், சைன் ஆன் பண்ற, அதாவது கப்பல் ஏறுற, வாரத்துல யூனியன்ல ஒரு போன் போட்டு கேட்டுக்கோங்க, கான்ட்ராக்ட் காப்பி ஒண்ண அம்மாகிட்டயோ வீட்டுக்காரம்மாகிட்டயோ கொடுத்துட்டு கெளம்புங்க.